மூன்று மூச்சுக்குப் பின் ஒரு பதில்

கார் பட்டறையில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். எந்த வால்வு தட்டுகிறது, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி சொல்வார். பிறகு கண்ணைத் திறந்து யாரையாவது திட்டுவார். இரண்டிலும் அவரை மிஞ்ச ஆளில்லை.

ரத்தக்கொதிப்பு எகிறியதும் மகள்தான் அவரைப் பிடித்து ஒரு புத்த பிக்கு நடத்தும் ஞாயிற்றுக்கிழமை தியான வகுப்பில் தள்ளினாள். முதல் வாரம் குறட்டை விட்டார். அடுத்த வாரம் பிக்கு சொன்ன ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது.

"மடத்துல அப்பப்ப மணி அடிப்போம். கேட்டதும் கையில இருக்கற வேலையை நிறுத்திட்டு மூணு மூச்சைக் கவனிப்போம். உங்க வீட்டுல மணி இருக்காது. அடிக்கடி காதுல விழற ஏதாவது ஒரு சத்தத்தை மணியா வச்சுக்குங்க."

வீட்டில் அடிக்கடி விழும் சத்தத்தை அவர் தேடி அலையவேண்டியிருக்கவில்லை.

"என்னங்க!"

அதுவரை மனைவியின் அந்தக் குரலுக்கு அவருடைய பதில், "இப்ப என்ன?" என்ற ஒரு பாய்ச்சல். இப்போது அப்படியே நின்றார். மூச்சு உள்ளே, வெளியே. மூன்றாவது முடிந்ததும், "சொல்லும்மா" என்று பட்டுப் போலத் திரும்பினார். விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள் என்று கூச்சம்.

அவள் சிரிக்கவில்லை, பயந்தாள். கூப்பிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வெகுநேரம் கழித்து அசட்டுச் சிரிப்போடு திரும்புகிறார். காது போய்விட்டது, சந்தேகமே இல்லை. உறுதிப்படுத்திக்கொள்ள இன்னும் சத்தமாக, இன்னும் அடிக்கடி கூப்பிட்டாள். அவருடைய தியானம் அமோகமாக வளர்ந்தது.

மனம் தாங்காமல் முதலாளியின் மனைவியிடம் ரகசியமாகச் சொல்லி அழுதாள். அவள் வீடு திரும்பும் முன்பே ரகசியம் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது.

"உங்க காதை நம்பித்தான் வண்டி வருதுண்ணே. டாக்டர் சரின்னு சொல்றவரைக்கும் டயர் பக்கம் பாருங்க," என்றார் முதலாளி.

டயர் பக்கம் காதுக்கு என்ன வேலை? ஸ்க்ரூடிரைவர் ஆணியில் தொங்கியது. உண்மையைச் சொல்லலாம்தான். பெண்டாட்டி குரலைக் கேட்டுத் தியானம் செய்கிறேன் என்று அந்தப் பட்டறையில் சொல்லிவிட்டு, பிறகு அங்கே எப்படி நடமாடுவது?

காது டாக்டரின் மெஷின் அவரிடம் ஒரு குறையும் காணவில்லை. "எறும்பு நடந்தாக்கூட இவருக்குக் கேக்கும்," என்றார் டாக்டர்.

"அப்ப நான் கூப்பிட்டா மட்டும் ஏன் டாக்டர்?"

"அது நிறைய ஆம்பளைங்களுக்கு இருக்கும்மா. மருந்து கிடையாது. எதுக்கும் பின்னால நின்னு கூப்பிடுங்க, பார்ப்போம்."

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். உடனே திரும்பினால் அவள் பொய்க்காரி. மூச்சைப் பார்த்தால் காலம் முழுக்க டயர்.

"என்னங்க..."

பழக்கதோஷத்தில் முதல் மூச்சு தானாக உள்ளே போனது. இத்தனை நாள் நின்று நின்று கேட்டதில் அந்தச் சொல்லின் ரகமெல்லாம் அவருக்குப் பிடிபட்டிருந்தது. குழாய் ஒழுகும் என்னங்க, சாவியைக் காணாத என்னங்க. இது எதிலும் சேரவில்லை. ஆயில் வற்றிய எஞ்சின் நிற்கப்போகும் முன் இப்படித்தான் நடுங்கும்.

பாதி மூச்சிலேயே திரும்பிவிட்டார். "இங்கதான் இருக்கேன். நல்லாவே கேக்குது. பயப்படாத."

அவள் கண் நிறைந்தது. அடுத்த நொடியே கோபமும் வந்து சேர்ந்தது. "அப்ப இவ்வளவு நாளும் நடிப்பா?"

தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் கூப்பிட்டா என்னைப் பார்க்காம மூக்கைப் பார்த்துட்டு இருந்திருக்கீங்க!"

"முன்னெல்லாம் கூப்பிட்டா என்ன பண்ணுவேன்?"

சட்டென்று பதில் சொல்ல வாயைத் திறந்தவள் கொஞ்சம் யோசித்தாள். "குரைப்பீங்க," என்றாள், டாக்டர் முன்னாலேயே.

படியிறங்கும்போதே முதலாளிக்குப் போன் செய்தாள். "காது நல்லா இருக்குண்ணே. வாய்தான் லேட்டா ஸ்டார்ட் ஆகுது. அதை வீட்டுலயே சரி பண்ணிக்கிறோம்."

மறுநாள் ஸ்க்ரூடிரைவர் ஆணியிலிருந்து இறங்கியது. மாலையில் அவர் வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றும்போது பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளின் குரல்.

"என்னங்க!"

ஒரு கை சட்டையிலும் ஒரு கை வெளியிலுமாக நின்றார். ஒன்று. இரண்டு. இந்த முறை அவள் மறுபடி கத்தவில்லை, பொறுமையாகக் காத்திருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. சொல்லும்மா."

"அடுப்புல பால் வச்சிருந்தேன். அதுவும் முடிஞ்சுது."