புகைக்கு அரை மணி நேரம்

சாயங்காலம் ஐந்தரை ஆனால் போதும், கண்ணாயி தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிக்கொண்டு நிற்பார். கக்கத்தில் நாலு விறகு, கையில் தீப்பெட்டி. "ஏனுங்க கண்ணு, உள்ள வரட்டுங்களா?" உள்ளே குடியிருக்கும் புவனாவும் வெண்ணிலாவும், "உங்க ஊடுதானுங்கம்மா, வாங்க" என்பார்கள். தினமும் இதே கேள்வி, இதே பதில். கேட்காமல் ஒருநாளும் நுழைந்ததில்லை.

ஏற்காட்டை அடுத்த வெள்ளக்கடையில் இருக்கிறது அந்த வீடு. மகன் திருப்பூரோடு போய்விட்ட பிறகு கணவர் நல்லமுத்து, "இத்தன பெரிய ஊட்டுல நாம ரெண்டு பேரும் கண்ணாமூச்சியா வெளாடறது?" என்றார். பின்பாதியைத் தடுத்துச் சுவர் எழுப்பி, தனி வாசலும் கழிப்பறையும் கட்டி, ஏற்காட்டில் படிக்கும் பெண்களுக்கு விட்டார்கள். முன்பாதிக்குக் கேஸ் அடுப்பு வந்தது. கண்ணாயிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றைக் கோட்டை விட்டார். பழைய விறகடுப்பு பின்பாதியில் மாட்டிக்கொண்டது. மலைக்காரர்கள் விதைக்கு எடுக்கும் மக்காச்சோளத்தைத் தோலோடு முடிச்சுப் போட்டு, அடுப்புக்கு மேலே மூங்கிலில் தொங்கவிடுவார்கள். புகை பட்டால்தான் வண்டு அண்டாது. முதல் வருஷம் அதைக் கேஸ் அடுப்புக்கு மேலே கட்டினார் மகராசி! கேஸ் எங்கே புகை விடும்? தை மாதத்துக்குள் வண்டு விழுந்து, கொதிக்கிற குழம்பில் மாவு கொட்டியது. விதையில் பாதி பாழ்.

"கடயில வாங்கற வெதயெல்லாம் ஒரு வெள்ளாமைக்குத்தானுங்க. இது நான் கட்டிக்கிட்டு வந்த நாளா வெதைக்கறது. போச்சுன்னா எங்க போயி வாங்கறது?" என்பார்.

மிச்ச விதையில் விளைந்ததை இந்த வருஷம் பெண்களிடம் கெஞ்சிக் கேட்டுப் பழைய இடத்திலேயே கட்டினார். ஊரிலிருந்து மகளைப் பார்க்க வந்த புவனாவின் அம்மா, மூக்கைப் பொத்திக்கொண்டு, "எம் புள்ள என்னங்க, வளைக்குள்ள இருக்கற எலியா, புகை போடறதுக்கு?" என்று கேட்டுவிட்டார். கண்ணாயிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றிலிருந்து அரை மணி நேரம்தான் தீ. கதவும் சன்னலும் திறந்தே இருக்கும். ஈரச் சீருடையை அடுப்போரம் காயப்போடலாம் என்பது பெண்களுக்கு அவர் காட்டிய ஆசை. ஏற்காட்டு ஐப்பசியில் வேறெங்கே துணி காயும்?

அதே ஐப்பசி மழையில் நல்லமுத்து மிளகுக்கொடிப் பக்கம் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். போட்டது போட்டபடி கிளம்பிய கண்ணாயி, சேலத்து ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தார். கதிரோ புதுசு, ஈரம் வேறு. புகை நின்றால் வண்டு விழும், பூசணம் பூக்கும். தூக்கம் வரவில்லை அவருக்கு.

"போனப் போட்டுச் சொல்லித் தொலையேன்" என்று நல்லமுத்து படுத்த படுக்கையிலேயே திட்டினார்.

"வாடகை குடுத்து இருக்கற புள்ளைங்க. எனக்காகப் புகையில உக்காருங்கன்னு எந்த வாயில சொல்லுவேன்?" போனில், "சாப்புட்டீங்களா சாமி?" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் வாடகைக் கார் அடிவாரம் தாண்டி மலையேறும்போதே, விதை போனது போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். கணவரைக் கட்டிலில் சாய்த்துவிட்டு, பின்பாதிக் கதவைத் தட்டிக் கேட்டு உள்ளே போனார். மூங்கிலிலிருந்து ஒரு கதிரை உருவி, தோலை விலக்கி, உள்ளங்கையில் தட்டினார். பொட்டு மாவு விழவில்லை. தோலில் புதுக்கரி படிந்திருந்தது.

"யாரு சாமி தீ மூட்டுனது?"

"நாங்கதானுங்கம்மா" என்றாள் புவனா. "நீங்க தெனமும் மூட்டுவீங்கல்ல, அதே அரை மணி நேரம். மொத நாள் வெறகு பத்தவே இல்லீங்க. வெண்ணிலாவோட பழைய நோட்டெல்லாம் எரிஞ்சதுதான் மிச்சம்!"

"உங்கம்மாளுக்குத் தெரிஞ்சா என்னாகும்?"

"தெரியுமுங்க. தீய நல்லா அணைச்சுட்டுப் படுன்னு தெனமும் போன் பண்றாங்க."

கண்ணாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்க நல்லா இருக்கோணும் சாமி, நொம்ப நல்லா இருக்கோணும்" என்றார். கதிரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புவனாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, விறகுப் புகை வாடை ஏறிக் கிடந்த அந்த உச்சியை மூச்சு நிறைய முகர்ந்தார்.