கீறல் விழாத சைக்கிள்

"சைக்கிளை எங்க ஆபீஸ் மகாதேவனுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். நாளைக்குக் காலைல வந்து எடுத்துட்டுப் போயிடுவாரு." ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே நெடுஞ்செழியன் இதைச் சொன்னதும் வசந்தாமணிக்குக் காது அடைத்துப்போனது. தலையில் இடியை இறக்கிவிட்டு அந்த மனுஷன் இன்னொரு அப்பளம் கேட்டான்.

"ஏனுங்க, திடீர்னு?"

"ஹால்ல சும்மாதானே நிக்குது. யாரு ஓட்டுறா?"

சும்மாவா நின்றது? அட கடவுளே! வாய் வரை வந்ததை அவள் மோரோடு சேர்த்து விழுங்கினாள்.

நெடுஞ்செழியன் உறை பிரிக்காத மனிதன். சான்டா கிளாராவில் அந்த அபார்ட்மென்டுக்குள் நுழைந்தால் டிவி ரிமோட்டுக்கு உறை, சாப்பாட்டு மேஜைக்கு உறை, கார் சீட்டில் விற்றவன் போட்டுக்கொடுத்த அதே உறை. ஆபீசில் எல்லாரும் வாங்குகிறார்களே என்று போன வருஷம், தொண்ணூற்றேழில், ஒரு மவுன்டன் பைக் வாங்கினான். நல்ல மயில் கழுத்து நீலம். வாங்கிய அன்றைக்கே ஃப்ரேம் முழுக்கக் கெட்டியான வெள்ளை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஓரமெல்லாம் டேப் ஒட்டினான். "இனிமே ஒரு கீறல் விழாது பாரு" என்றான். பார்க்கிங் லாட்டில் இரண்டு சுற்று ஓட்டினான். அதோடு சரி.

வசந்தாமணியோ கோபிசெட்டிபாளையத்தில் காலேஜுக்கு மூன்று வருஷம் சைக்கிள் மிதித்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்டார்கள், சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இங்கே வந்தபிறகு அவளுக்கு வேலை பார்க்க விசா இல்லை, கார் ஓட்ட லைசென்ஸ் இல்லை. காலை எட்டுக்குப் போகிறவன் ராத்திரி எட்டுக்கு வருவான். பன்னிரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள்? பிப்ரவரியில் ஒரு நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

அப்புறம் நிற்கவில்லை. அல்விசோ பக்கம் விரிகுடாக் கரை மண் பாதை வரைக்கும் போய் வந்தாள். எட்டு மாதம், வாரத்தில் நாலு நாள். சீட்டைத் தன் உயரத்துக்கு இறக்குவதற்கு அடையாளமாக, சீட்டைத் தாங்கும் குழாயின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தாள். திரும்பி வந்ததும் அவன் போட்ட பேனாக் கோட்டுக்கு ஏற்றிவிடுவாள். மூன்று மணிக்கு பால்கனியில் சைக்கிளுக்குக் குளியல் நடக்கும். காய்ந்த சேற்றைத் தேய்க்கமாட்டாள். மெதுவாகத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மண் தானாக வழிந்தபிறகு சோப்புத் தண்ணீர், கடைசியில் பஞ்சு மாதிரி ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றி எடுப்பாள். பிளாஸ்டிக்கில் ஒரு கோடு விழாது. ராத்திரி வந்து பார்க்கிறவனுக்கு சைக்கிள் அன்று கடையில் எடுத்தது போலவே நிற்கும்.

காலையில் வந்த மகாதேவன் சைக்கிளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "என்ன செழியன், சீர்வரிசைப் பாத்திரமாட்டம் சுத்தி வச்சிருக்கீங்க?"

"ஒரு கீறல் காட்டுங்க பார்க்கலாம்" என்று நெடுஞ்செழியன் மார்தட்டிக்கொண்டே டேப்பைப் பிடித்து உரித்தான்.

சர்ரென்று பிளாஸ்டிக் வந்தது. அதோடு சாம்பல் நிறத்தில் ஒரு பிடி மண்ணும் தரைக்கம்பளத்தில் கொட்டியது. உள்ளே நீலம் எங்கே? அம்மியில் போட்டு அரைத்த மாதிரி ஃப்ரேம் முழுக்கக் கீறல்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். அதிகம் அதிர்ந்தது வசந்தாமணிதான். எவ்வளவு பார்த்துப் பார்த்துத் துடைத்தாள்! டேப் இடுக்கில் நுழைந்த கரை மண்ணை வெளியே விடாமல் பிடித்துவைத்து, அவள் மிதித்த ஒவ்வொரு மிதிக்கும் அந்த பிளாஸ்டிக்கே தேய்த்திருக்கிறது. பாவி பிளாஸ்டிக்!

"பார்க்கிங் லாட்ல ரெண்டே ரவுண்டுன்னீங்க?" மகாதேவனின் குரல் மாறிவிட்டது. "பரவால்ல, நான் வேற பார்த்துக்கறேன்." காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நெடுஞ்செழியன் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தான். சீட்டுக்குக் கீழே விரல் நின்றது.

"இது யாரு பொட்டு, வசந்தா?"

"என்னுதுதானுங்க." இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிட்டாள். "நான்தான் ஓட்டினேன். பிப்ரவரில இருந்து."

"உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" அவன் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டான். "எங்க போவே?"

"அல்விசோங்க. உங்க ஆபீஸ் வாசல் வழியாத்தான் போவேன். உங்க கார் நிக்கும். பார்த்துட்டுப் போவேன்."

"உள்ள வந்திருக்கலாமே?"

"வந்து என்னன்னுங்க சொல்றது?"

அவன் உரித்த பிளாஸ்டிக்கை எடுத்து வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். "என் கண்ணுக்கே தெரியாம எதால துடைச்சே?" என்று கேட்டான்.

அவள் பால்கனியிலிருந்து துணியைக் கொண்டுவந்து நீட்டினாள். அழுக்குக்கு நடுவில் பச்சைக் கரை தெரிந்தது. அவனுடைய முகூர்த்த வேட்டி. அதையும் ஒரு உறைக்குள் போட்டு அவன் பெட்டியில் வைத்திருந்தான்.

"அடிப்பாவி!"

"வீட்ல அதைவிட மெத்துனு வேற துணி இல்லைங்க" என்றாள். அழுகை வந்துவிட்டது. சைக்கிள் போனாலும் பரவாயில்லை, அவன் ஒரு தடவை திட்டித் தீர்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

அவன் வேட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "செயினையும் இதாலதான் துடைச்சியா?"

"ஆமாங்க."

"செயின் மண்ணு ஒட்டின துணி ஃப்ரேம்ல படலாமா? கீறாதா?" என்றவன், அவள் ஐயோ என்று கை நீட்டுவதற்குள் கல்யாண வேட்டியைக் குறுக்கே டர்ரென்று இரண்டாகக் கிழித்தான். "இது செயினுக்கு. இது ஃப்ரேமுக்கு."

பிறகு மிச்சமிருந்த பிளாஸ்டிக்கை உரித்துக் குப்பையில் போட்டான். சீட்டைப் பொட்டு வரைக்கும் இறக்கி, திருகை இறுக்கினான்.