கவிழ்ந்த படகிலிருந்து என் மகளைத் தந்தார்

அன்று காலை ஆறரை மணிக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் கணவரின் தங்கை செல்வராணி, கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளும் கமலாக்கா, எங்கள் சபை பாஸ்டரின் மனைவி, எங்களை வேலைக்குத் துரத்த வந்து அங்கேயே நின்றுவிட்ட கங்காணி மாரிமுத்தண்ணன். தொட்டிலில் இரண்டு கைக்குழந்தைகள். வேறு யாரும் இல்லை. நான் எழுதுவதில் சந்தேகம் இருந்தால் இவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

செல்வராணியின் போனில் என் மகள் எஸ்தரைப் பார்க்கக் கூடியிருந்தோம். பல நாட்டுக்காரர்கள் கூடும் பெரிய விளையாட்டுப் போட்டிக்கு அவள் நம் நாட்டுக்காகப் படகோட்டப் போயிருந்தாள். பார்ப்பதற்கு எனக்குத் தைரியம் இல்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அன்பானவர்களே, என் பயத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்கள் தோட்டத்துக்கும் அக்கரை மலைக்கும் நடுவில் ஒரு நீர்த்தேக்கம் கிடக்கிறது. கொழுந்தெடுக்கும் பெண்களைப் படகில் ஏற்றி அக்கரை கொண்டுபோய் விடுவது என் கணவர் யேசுதாசின் வேலை. எஸ்தருக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, ஒரு ஆடி மாதக் காற்றில், வெறும் படகோடு திரும்பி வந்தவர் கவிழ்ந்துபோனார். நன்றாக நீந்தத் தெரிந்தவர். படகு கட்டுகிற கயிறு அவர் காலில் சுற்றிக்கொண்டது. மூன்றாம் நாள்தான் கிடைத்தார். கயிறு அப்போதும் காலில் இருந்தது. அதை அவிழ்த்தது நான்.

அதற்குப் பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் கண்டாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எஸ்தரைக் கரைப்பக்கம் போக விடவில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போனாள். தண்ணீரை விட்டுத் தூரமாகப் போகிறாள் என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் கம்பெனியில் படகோட்டும் குழு இருந்தது. இரண்டு வருடம் என்னிடம் மறைத்துத்தான் ஓட்டினாள்.

பிறகு ஒரு நாள் படம் அனுப்பினாள். ஒருத்தி மட்டும் உட்காரும் படகு. ஒரு கொழுந்துக் கூடை வைக்கக்கூட அகலம் இல்லை. படகுக்குள்ளே ஒரு சோடிச் சப்பாத்து ஆணியடித்தாற்போல் பூட்டியிருந்தது. அதற்குள் கால்களை நுழைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என் மகள்.

"காலைக் கட்டிப்புட்டா தண்ணியில அனுப்புறாங்க?" என்று போனில் கத்தினேன்.

"பயப்படாதீங்கம்மா. எல்லா நாட்டுலயும் இப்புடித்தான். கவுந்தா கழட்ட வழி இருக்கு" என்றாள்.

நான் நம்பவில்லை. தினமும் விடியற்காலையில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, அவளை அந்தப் படகிலிருந்து இறக்கிவிடும். கை சுளுக்கினாலும் பரவாயில்லை" என்று ஜெபித்தேன். பெற்றவள் கேட்கிற ஜெபமா அது? நான் கேட்டேன்.

ஜெபத்தோடு நிற்கவும் இல்லை. வெளிநாட்டுப் போட்டிக்குத் தெரிவாகி, பாஸ்போர்ட் எடுப்பதற்குப் பிறப்புப் பத்திரம் கேட்டு வந்தாள். தோட்டத்துச் சனத்துக்கு அந்தக் காகிதத்தின் அருமை தெரியும். ஒரு எழுத்துப் பிழைக்காக வருடக்கணக்கில் அலைந்தவர்கள் நாங்கள். அது என் கையில் இருந்தது. "மழையில லயத்து வீட்டுக் கூரை ஒழுகினப்போ நனைஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு, கோதுமை மாத் தகரத்துக்குள் மாவுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பிள்ளை அழுதுகொண்டே பிரதி எடுக்க நுவரெலியாவுக்கு அலைந்தாள். நான் தினமும் அந்த மாவில்தான் ரொட்டி சுட்டேன்.

எப்படியோ பிரதி கிடைத்தது. போய்விட்டாள்.

அன்று காலை மாரிமுத்தண்ணன் வாசலில் நின்று சத்தம் போட்டார். "ஏம்மா, மலைக்குப் போற எண்ணம் இருக்கா இல்லையா? பெரட்டுல ஆள் எண்ணி முடியப் போவுது. பேரு போட மாட்டாங்க, இன்னிக்குச் சம்பளம் இல்ல."

"அண்ணே, நம்ம எஸ்தரு ஓட்டப் போவுது. பத்து நிமிசம்" என்றாள் செல்வராணி.

"யேசுதாசு மகளா? தள்ளு, நானும் பாக்குறேன்."

ஆறு படகுகள் நின்றன. கொடி விழுந்ததும் புறப்பட்டன. அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இந்தப் புள்ள என்ன முதுகைக் காட்டிக்கிட்டுப் போவுது? முன்னால என்னா இருக்குன்னு எப்புடித் தெரியும்?" என்றார்.

"அப்புடித்தாண்ணே ஓட்டணும்."

"நம்ம தோட்டத்து நிர்வாகமும் அப்புடித்தான் ஓட்டுது."

கமலாக்கா சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். எஸ்தர் ஐந்தாவதாக இருந்தாள். பாதித் தூரம் தாண்டியதும் காற்று அடிப்பது தண்ணீரில் தெரிந்தது. அவளுடைய ஒரு துடுப்பு தண்ணீருக்குள் சிக்கியதுபோல் நின்றது. படகு புரண்டது. படகின் வெள்ளை வயிறு மேலே வந்தது. தலை தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து காமரா முன்னால் போகிறவர்களோடு போய்விட்டது. ஜெயிக்கிறவர்களைத்தானே காட்டுவார்கள். யாரோ ஒரு பிள்ளை முதலாவது வந்து கையைத் தூக்கியது. சனம் கைதட்டியது. என் பிள்ளையை ஒருவரும் காட்டவில்லை.

செல்வராணி எஸ்தருக்குப் போன் போட்டுப் பார்த்தாள். எஸ்தரின் போன் அடிக்கவே இல்லை. எனக்கு அந்தக் கால்கள்தான் கண்ணுக்குள் நின்றன. சிமெந்துத் தரையில் விழுந்தேன். மூன்று வருடம் செய்த ஜெபம் வாயில் வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"ஆண்டவரே, பத்திரத்தை ஒளிச்சவ நான். பொய் சொன்னவ நான். அவ கை சுளுக்கணும்னு கேட்டவ நான். என்னைத் தண்டியும். அவ காலை மட்டும் அவுத்து விடும். அவர் காலை நான் அவுத்தது பிந்திப்போச்சு. இவ காலை நீரே அவுத்து விடும்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்பது செல்வராணி என் தோளைப் பிடித்துத் திருப்பியபோதுதான் தெரிந்தது.

"அண்ணி, நீங்களா ஒளிச்சு வச்சீங்க? நானும் அவளும் மூணு தடவ கவர்மெண்டு கச்சேரிக்கு அலைஞ்சோமே! பஸ்ஸுல வாந்தி எடுத்துக்கிட்டு வந்தாளே அந்தப் புள்ள!"

பாஸ்டரம்மா, "இப்ப வேணாம் செல்வராணி. மொதல்ல புள்ளைக்காகக் கேப்போம்" என்று எங்கள் இருவரையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். மாரிமுத்தண்ணன் தலைத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பி நின்றார். அன்று எங்கள் ஒருவருக்கும் பேர் விழவில்லை. அவருக்கும்தான்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் அப்படியே கிடந்தோம். பிறகு போன் அடித்தது.

"அம்மா" என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

"காலு?" என்று மட்டும்தான் கேட்டேன்.

"வந்துருச்சும்மா. குதிகால்கிட்ட ஒரு கயிறு இருக்கு. அதை இழுத்தா சப்பாத்து தொறந்துக்கும். தண்ணிக்குள்ள ஒண்ணுமே தெரியல. கை தானா போய் அதைப் புடிச்சுது. ஆனா எல்லாம் போச்சும்மா. என்னை வெளிய போட்டுட்டாங்க. அடுத்த ஓட்டம் இல்ல."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "அப்பாவுக்கும் இப்புடி ஒரு கயிறு இருந்திருக்கலாம்."

நான் அப்போதே பத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். மறைக்கப் பயமாக இருந்தது. "வைக்கிறேன்மா" என்று வைத்துவிட்டாள். ஒன்பது நாள் பேசவில்லை. உயிரோடு கிடைத்த மகளின் குரலுக்காக அந்த ஒன்பது நாளும் அழுதேன்.

பத்தாம் நாள் ஹட்டன் ஸ்டேசனில் இறங்கினாள். மாலை போட யாரும் வரவில்லை. கவிழ்ந்து வந்தவளுக்கு யார் மாலை போடுவார்கள்? வீட்டுக்கு வந்ததும் தகரத்தைக் கேட்டாள். பத்திரத்தை எடுத்து, மாவைத் தட்டி, மடிப்பில் இருந்ததையும் ஊதிவிட்டு, பைக்குள் வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். விடியும்போது என் பக்கத்தில் வந்து படுத்திருந்தாள். கணுக்காலில் நீலமாகக் கன்றியிருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

என் கணவரை ஏன் ஆண்டவர் அப்படி வெளியே எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. இன்னும் கேட்கிறேன். பதில் வரவில்லை. ஆனால் மூன்று வருடம் நான் கேட்ட கெட்ட ஜெபத்தை அவர் பொறுத்துக்கொண்டார். ஒரே ஒரு நாள் உண்மையைச் சொல்லிக் கேட்டபோது காது கொடுத்தார். எஸ்தர் மறுபடியும் படகோட்டுகிறாள். நான் இன்னும் பயப்படுகிறேன். பயத்தோடுதான் ஜெபிக்கிறேன். "இறக்கிவிடும்" என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

பிள்ளைகளுக்காகப் பயந்து பயந்து சாகிற தாய்மாரே, மாவுக்கு அடியில் எதையாவது வைத்திருந்தால் அதை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். வைத்துவிட்டுக் கேளுங்கள்.

என் பொய்யால் எஸ்தர் கடைசி நேரத்தில் கூடக் காசு கட்டி அவசரப் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறாள். கூட வேலை செய்யும் பிள்ளை ஒன்றிடம் வாங்கிய கடன். அதை நான் அடைக்கிறேன் என்று சொன்னேன், சரி என்றாள். சம்பளம் போடும் நாளில் மாதம் இரண்டாயிரம் அனுப்புகிறேன். இன்னும் பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய் இருக்கிறது.