வாசலில் கூடை வைத்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா கண்மூடி இன்றோடு முப்பத்தொரு நாள். இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அக்காவின் மகள், என் மருமகள், கேட்டாள். "மாமா, நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதிறன்" என்றாள். வேண்டாம் என்றேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான் நான். ஆனாலும் பிராங்பேர்ட்டில் மூன்று கடையும் ஒரு களஞ்சியமும் நடத்துகிறவனுக்கு நாலு பக்கம் எழுத ஏலாமல் போகுமா? எழுத்துப்பிழை இருந்தால் அச்சகத்தார் திருத்தட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

அக்கா பிறந்தது சாவகச்சேரிப் பக்கம். எங்கள் ஐயா சுருட்டுச் சுற்றி எங்களை வளர்த்தார். அக்கா மூத்தவர், நான் கடைசி. நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அக்கா எட்டாம் வகுப்புவரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, ஓரளவு ஆங்கிலமும் பேசப் பழகினார். அத்தான் சங்கக்கடையில் வேலை பார்த்தவர், நல்ல மனிதர். மருமகள் சிறுபிள்ளையாய் இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா தையல் மெசினை நம்பியே பிள்ளையை வளர்த்தார். யாரிடமும் கை நீட்டவில்லை.

அக்காவுக்கு ஊரில் ஒரு மனக்குறை இருந்தது. கடைக்குப் போனால் ஆண்கள் எல்லாரும் வாங்கிப் போகும்வரை ஓரமாய் நிற்க வேண்டும். கடைக்காரர் எடுத்துத் தருவதைப் பேசாமல் வாங்கிக்கொண்டு வரவேண்டும். "வண்டு பிடிச்ச பயறைச் சரையிலை சுத்தித் தருவாங்கள். வீட்டை வந்து அவிட்டால்தான் தெரியும்" என்பார். நான் சிரிப்பேன். ஏனென்றால் அந்தக் கடதாசிச் சரையைச் சுற்றுகிற ஆள் நான். குருநாகலில் கடைக்கு நின்று பிறகு சொந்தக் கடை போட்டவன். ஒரு கையால் சரை சுற்றி, மற்றக் கையால் தராசு பிடித்து, பத்துப் பேர் கேட்டதையும் மனதில் வைத்துக் கொடுப்பேன். என்னைப்போல மேசைக்குப் பின்னால் நிற்க அந்தத் தெருவில் ஆள் இல்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. நான் ஜேர்மனிக்கு வந்தேன். அடுத்த வருடம் அக்காவும் மருமகளும் கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயிலில் மேற்குப் பக்கம் வந்து, கடைசியில் பிராங்பேர்ட்டுக்கு அருகில் அகதிகளைத் தங்கவைக்கும் ஒரு ஹைமில் சேர்ந்தார்கள். அங்கே ஒரு அறையில் மூன்று குடும்பம் இருந்தது. அக்கா ஒரு சேலையை நடுவில் கட்டி மறைப்பாக்கி, அதற்குள் வாழ்ந்தார். முகம் சுளித்ததை நான் காணவில்லை.

ஹைமுக்குப் பக்கத்திலிருந்த தேவாலயத்தில் உடுப்புக் கொடுக்க ஒரு அமெரிக்க அம்மா வருவார். கணவர் அமெரிக்கப் பட்டாளத்தில் இருந்தார். அக்காவுக்கு ஆங்கிலம் வரும் என்பதால் இருவருக்கும் சிநேகிதம் பிடித்துவிட்டது. ஒருநாள் தங்கள் பட்டாளக் கடைக்குக் காரில் கூட்டிப்போனார். உள்ளே போக அட்டை வேண்டுமாம். அக்கா வெளியே நின்று கண்ணாடியால் பார்த்தார். பெண்கள் வண்டிலைத் தள்ளிக்கொண்டு, தகரப் பேணிகளை எடுத்துத் திருப்பிப் பார்த்து, பிடிக்காவிட்டால் திரும்ப வைத்தார்களாம். "திரும்ப வைக்கினம் தம்பி, ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்று வந்து சொன்னார்.

அதற்குப் பிறகு அக்கா அந்த அம்மாவிடம் அமெரிக்கக் கடைகளின் சரித்திரம் முழுவதையும் கேட்டு வாங்கிவிட்டார். முந்தி அங்கேயும் எங்கள் ஊர் மாதிரித்தான். கடைக்காரர் மேசைக்குப் பின்னால் நிற்பார், பெண்கள் முன்னால் காத்து நிற்பார்கள். பிறகு தெற்குப் பக்கத்துப் பட்டணம் ஒன்றில் ஒருவர் மேசையைத் தூக்கிவிட்டு, கூடையைக் கையில் கொடுத்து, நீங்களே எடுங்கள் என்றார். சனம் சிரித்தது. ஆனாலும் வந்தது. பின்னால் வேலையில்லாத பஞ்ச காலத்தில், நியூயோர்க்கில் ஒருவர் பழைய கார்க் கொட்டகையை எடுத்து, சாமானை மலையாய்க் குவித்து, ஒவ்வொன்றிலும் கொஞ்ச இலாபம் வைத்து நிறைய விற்றார். அதற்கும் பிறகு சின்ன ஊர்களின் வெளிப்புறத்தில், உடுப்பு முதல் வாளிவரை மலிவு விலையில் விற்கும் பெரிய கடைகள் வந்தன. அப்படி ஒன்று வந்துதான் அந்த அம்மாவின் தகப்பனார் தன் கடையைப் பூட்டினார். பூட்டிவிட்டு, அதே பெரிய கடையின் வாசலில் நின்று வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லும் வேலைக்குப் போனாராம்.

எனக்கு வதிவிட விசா கிடைத்ததும், பெரிய ரயில் ஸ்ரேசனுக்குப் பின்னால் ஒரு இடம் பிடித்தேன். அக்காவின் அகதிக் கேஸும் சரிவந்திருந்தது. இடத்தின் சொந்தக்காரர் ஒரு வயதான ஜேர்மன்காரர். ஈஸ்டர்வரை பார்ப்பேன், கடை ஓடாவிட்டால் சப்பாத்துத் தைக்கிறவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். கடை போனால் நான் மறுபடியும் ரெஸ்ரோரன்றில் கோப்பை கழுவவேண்டும். அக்காவும் மருமகளும் ஹைமைவிட்டு வந்து என்னோடுதான் இருந்தார்கள்.

நான் மேசை செய்விக்கப் போனேன். அக்கா தடுத்தார்.

"மேசை வேண்டாம். கூடை வாங்கு."

"அக்கா, நான் இருவது வரியம் மேசைக்குப் பின்னாலை நிண்டவன்."

"நீ பின்னாலை நிண்டனி. நான் முன்னாலை நிண்டனான்."

பெட்டிகளின் முன்பக்கத்தை வெட்டி அப்படியே அடுக்கினோம். விலையைப் பெரிதாய் எழுதினோம். வாசலின் இடது பக்கத்தில் அக்கா கூடைகளை வைத்தார்.

ஒருவரும் தொடவில்லை. சனம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வந்தவர்கள், நான் போட்டிருந்த கதிரைகளில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, இருந்த இடத்திலேயே "ஒரு கிலோ பருப்புப் போடும்" என்றார்கள். எடுத்துக் கொடுக்க நேரம் போனது. பெண்கள் வழக்கம்போலக் கதவடியில் நின்றார்கள். ஊரில் பெரிய கந்தோர் ஒன்றில் கிளாக்கராய் இருந்த ஒரு அண்ணைதான் கடும் பிடிவாதம்.

"தம்பி, ஊரிலை கடைக்காரன் என்ரை வீட்டு வாசலிலை கொண்டுவந்து இறக்கிறவன். இஞ்சை நான் கூடை தூக்கிறதோ?"

அக்கா உள்ளே இருந்து கேட்டார். "அண்ணை, நேற்று எதிர்ப்பக்கம் ஜேர்மன்காரன்ரை கடையிலை வண்டில் தள்ளினியள். அது ஆரின்ரை கை?"

"அங்கை ஆர் பிள்ளை என்னைப் பாக்கினம்?"

விஷயம் அதுதான். ஜேர்மன் கடையில் பாஷை தெரியாமல் எங்களுக்கு வாய் இல்லை, அதனால் கையை நீட்டினோம். சொந்தக் கடையில் வாய் இருந்தது. அதோடு, நாலு தமிழர் பார்க்கக் கூடை தூக்கினால் மரியாதை குறைந்துவிடுமாம். சிலர் கோபித்துக்கொண்டு, வான் வண்டியில் சாமான் கொண்டுவந்து ஹைம் ஹைமாய் விற்கிறவரிடம் போனார்கள். ஈஸ்டர் கிட்டியது. சப்பாத்துத் தைக்கிறவர் வந்து சுவரை அளந்துவிட்டும் போனார்.

அப்போது அக்காவுக்கு அந்த அமெரிக்க அம்மா சொன்ன இன்னொரு கதை நினைவுக்கு வந்தது. கடையில் தள்ளுகிற வண்டிலை முதலில் செய்த மனிதரிடமும் ஒருவரும் அதைத் தொடவில்லையாம். எங்கள் கையில் பலம் இல்லையா என்று ஆண்கள் கேட்டார்களாம். பிள்ளை வண்டில் தள்ளினது போதும் என்றார்களாம் பெண்கள். அவர் என்ன செய்தார்? ஆட்களைச் சம்பளத்துக்குப் பிடித்து, வாங்க வந்தவர்களைப்போல வண்டிலைத் தள்ளிக்கொண்டு கடையைச் சுற்றவிட்டார். பார்த்த சனம் தானும் தள்ளியது.

அந்தக் காலத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமைதான் கடைகள் பின்னேரம் வரை திறந்திருக்கும். மற்றச் சனிக்கிழமைகளில் மதியத்துக்குப் பிறகு பூட்டிவிட வேண்டும். அந்த நீண்ட சனிக்கிழமைக்கு அக்கா ஹைமிலிருந்து தன்னோடு பழகிய பெண்களை வரச்சொன்னார். காலையிலேயே கதிரைகளைத் தூக்கிப் பின்னறைக்குள் போட்டார். பிறகு ஒரு கூடையை என்னிடம் நீட்டினார்.

"நட."

"என்ரை கடையிலை நான் சாமான் வாங்கிறதோ?"

"முதலாளி தூக்கினால் கிளாக்கருக்கு என்ன வெட்கம்?"

தூக்கினேன். பிராங்பேர்ட்டில் தன் கடையில் தானே கூடை தூக்கிய முதல் தமிழ் முதலாளி நான்தான், இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். மிளகாய்த்தூளை எடுத்து மணந்தேன், திரும்ப வைத்தேன், வேறொன்றை எடுத்தேன். பெண்களும் சுற்றினார்கள். முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை மறந்து உண்மையிலேயே வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் பயறுப் பையை வெளிச்சத்தில் பிடித்து வண்டு பார்த்தார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிளாக்கர் அண்ணை வந்தார். கதிரையைத் தேடினார். கடையில் கூடை இல்லாமல் நின்றவர் அவர் மட்டும்தான்.

"என்ன தம்பி, எல்லாரும் உன்னிட்டை வேலைக்குச் சேர்ந்திட்டினமோ?" என்றவர், கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்குக் கடைசியாய்ப் போனவர் அவர்தான். கறிவேப்பிலைக் கட்டு ஒவ்வொன்றையும் மணந்து பார்த்தார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் இடத்துக்காரர் வந்தார். உள்ளே நேரே என்னிடம் வரப் பார்த்தார். வரிசையில் நின்ற பெண்கள் விடவில்லை. பின்னால் போய் நில்லுங்கோ என்று தமிழிலேயே சொன்னார்கள். மனிதருக்கு விளங்கியது. ஒரு மாம்பழத்தை எடுத்துக்கொண்டு கடைசியில் நின்று, முறை வந்ததும் காசைக் கொடுத்து, "குட், குட்" என்றார். சப்பாத்துக்காரர் வேறு இடம் பார்த்தார்.

பிறகு வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். இரண்டாவது கடை, மூன்றாவது கடை, களஞ்சியம் எல்லாம் என் உழைப்பு. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூடை அக்காவுடையது. கடை பெருத்தபிறகும் அக்கா மத்தியானத்தில் வாசலடியில் நின்று வருகிறவர்களின் சுகம் கேட்பார். "அந்த அமெரிக்க அம்மாவின்ரை தேப்பன் செய்த வேலை தம்பி. ஆனால் நான் என்ரை கடையிலை செய்யிறன்" என்பார். கால் ஏலாமல் போனபிறகு, அங்கே அவருக்கு மட்டும் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தேன். சிறுநீரக வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோதும், சனிக்கிழமை சனம் வந்ததா என்றுதான் கேட்டார். வந்தது என்றேன். அமைதியாய்ப் போனார்.

இன்றைய கிரியைக்கான சாமானைக் களஞ்சியத்திலிருந்து ஏற்றிவிடுகிறோம் என்று கடைப் பெடியள் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். முதல் கடைக்குப் போய், வாசலின் இடது பக்கத்தில் கூடை எடுத்து, அரிசி, பயறு, சர்க்கரை எல்லாம் நானே பார்த்துப் பார்த்து எடுத்தேன். ஒரு பயறுப் பையைத் திரும்ப வைத்தேன். வரிசையில் நின்றேன். காசு வாங்குகிற பிள்ளை பதறிப்போய், "முதலாளி, நீங்கள் முன்னுக்கு வாங்கோ" என்றாள்.

"அக்கா பாத்தால் ஏசுவா" என்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் சாமானை ஆறுதலாய் எடுத்து வைத்தார். நான் காத்து நின்றேன்.

அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், இரவுபகல் கூட இருந்த மருமகளுக்கும், சடங்குகளை நடத்தித் தந்த ஐயருக்கும், ஹைம் நாளிலிருந்து அக்காவோடு இருந்து, அன்று கூடை தூக்கிய பெண்களுக்கும், தள்ளாத வயதிலும் நேரில் வந்து என் கையைப் பிடித்த கிளாக்கர் அண்ணைக்கும், எங்கே இருக்கிறாரென்று தெரியாத அந்த அமெரிக்க அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைப் பக்கம் வந்தால் கதவடியில் நிற்க வேண்டாம். கூடை அக்கா வைத்த இடத்தில்தான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு உள்ளே வாருங்கள்.