ஓர் எண் மாறிய ரிப்போர்ட்

திருத்தணி பைபாஸ் ரோட்டு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தமயந்திக்குப் பதினோரு வருஷ வேலை. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற குடும்பத்தில் முதன்முதலாக டிப்ளமோ படித்தவள். கம்ப்யூட்டர் முழுக்க அவள் பொறுப்பு. ஒருமுறை வைரஸ் புகுந்து ரிப்போர்ட்டுகள் குழம்பி, பழி அவள் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். முடிந்த ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சிறு புரோகிராம் நீளமான எண் ஒன்றைத் தரும், ஆளுக்குக் கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். எண்களையும் கோப்புகளின் நகலையும் பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவாள். காலையில் வந்ததும் ஒப்பிடுவாள். இரண்டு வருஷமாக ஒன்றும் மாறவில்லை.

"உனுக்கு வேற வேலையில்ல" என்பார் மூத்த டெக்னீஷியன் முரளிதரன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு கோப்பு பொருந்தவில்லை. ராஜகோபால், ஐம்பத்திரண்டு வயது. தேதியும் நேரமும் பழையபடியே இருந்தன. நகலைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், நகலில் 4.1; கோப்பில் 1.1. ஒன்றை ஒட்டி இருந்தால் நல்லது, நாலு என்றால் சிறுநீரகம் கெட்டிருக்கிறது.

முந்தின நாள் கடைசியாகப் பூட்டிவிட்டுப் போனது முரளிதரன். அவரையே கேட்டாள். அவர் மறுக்கவில்லை.

"எங்க பாவாதான், அக்கா வீட்டுக்காரரு. அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். வீட்ல தெரிஞ்சா நின்னுடும்னு அழுதுகினே கேட்டாரு. கம்ப்யூட்டர் கடிகாரத்தப் பின்னால தள்ளிதான் மாத்துனேன். உனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"டாக்டர் இதப் பாத்துதானங்க மருந்து எழுதுவாரு?"

"ஒரே மாசம் தமயந்தி."

"வீட்ல சொல்றது அவரு இஷ்டம். டாக்டருக்குத் தப்பா போவக் கூடாதுங்க."

தாள் அதற்குள் ராஜகோபால் கைக்குப் போய்விட்டிருந்தது. நகலைப் பழைய இடத்தில் ஏற்றிவிட்டு, அரக்கோணத்தில் அவரைப் பார்க்கும் டாக்டருக்குப் போன் செய்தாள். மூட்டுவலிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து அரைமணி ஆகியிருந்தது. அந்த மாத்திரை கெட்ட சிறுநீரகத்துக்கு ஆகாது. டாக்டர் ஆளைத் திருப்பிக் கூப்பிட்டார்.

அவள் நடந்ததைச் சொன்னதும் முதலாளி, "வெளிய சொல்லிக்காத" என்றதோடு சரி. முரளிதரனுக்குக் கம்ப்யூட்டர் அனுமதி போயிற்று. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் வேலைக்கு மாற்றினார்கள். அவர் அவளோடு பேசுவதை விட்டுவிட்டார். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. கூடத்தில் எல்லோருக்கும் பத்திரிகை வந்தது, அவளுக்கு வரவில்லை. அன்று அவள்தான் கூடத்தைப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் ராஜகோபாலே பரிசோதனைக்கு வந்தார், முகம் ஊதியிருந்தது.

"போன் பண்ணது நீதானா?"

"ஆங், நான்தாங்க."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு பேரையும் வயதையும் சொன்னார். அவள் பதிந்துகொண்டாள்.