கோணல் ஒன்பது

மயிலாப்பூர் சாருடைய பழைய ரேஸ் காருக்கு நான்தான் மெக்கானிக். வின்டேஜ் கண்காட்சிக்கு வண்டிகளைத் தேர்ந்தெடுக்கும் நடுவர், எங்கள் சைதாப்பேட்டை ஷெட்டுக்கே வந்து பார்த்தார். சேஸிஸ் நம்பரில் கடைசி ஒன்பது மட்டும் சாய்ந்திருந்தது.

“யாரோ புதுசா அடிச்சிருக்காங்க. டூப்ளிகேட் வண்டியை சேர்க்க முடியாது” என்றார்.

சார் என்னை ஓரமாக இழுத்தார். “அதைத் தேச்சுட்டு நேரா ஒரு ஒன்பது அடிச்சுடேன்டா. அடுத்த வருஷம் திரும்பக் காட்டினா யாருக்குத் தெரியப்போறது?”

“உங்க மூக்குகூட கோணலாத்தான் கீது சார். தேச்சுடலாமா?”

சாருடைய பழைய ஆர்.டி.ஓ. ஃபைலைப் பிரித்தேன். முதல் பதிவின்போது நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சு அதில் இருந்தது. அதிலும் ஒன்பது அதே கோணல். நானும் ஒரு தாளில் தேய்த்து, இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். கோட்டின்மேல் கோடு உட்கார்ந்தது.

நடுவர் அப்போதும் விடவில்லை. “இன்ஜின் வேற, பிரேக் வேற. இதுல ஒரிஜினல் எங்கப்பா?”

“ரேஸ்ல ஓடின வண்டி சார். ஜெயிக்கறதுக்கு மாத்திக்கினேதான் இருந்திருப்பாங்க. அது பொய்யா?”

அவர் படிவத்தில் ‘மாற்றம் செய்யப்பட்டது’ என்று எழுதினார்.

“அத்த தாராளமா எழுதிக்க சார். டூப்ளிகேட்னு மட்டும் எழுதாத.”

அவர் கையெழுத்துப் போடும்வரை அந்த இரண்டு தாள்களையும் அவர் கண்ணெதிரே பிடித்தபடி நின்றேன்.