என் மனைவியை அழ வை என்று ஜெபித்தேன்

1988-ம் வருடம், ஐப்பசி மழையில் எங்கள் மகள் கிரேஸ் இறந்துபோனாள். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். திங்கட்கிழமை தலை வலிக்கிறது என்று பள்ளியிலிருந்து வந்தவள், அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

ஆண்டவருடைய பிள்ளைகளே, இந்தச் சாட்சியை நான் சாந்தமாகச் சொல்லப்போவதில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த நாளை நினைத்தால் என் குரல் உயர்ந்துவிடுகிறது. துக்கத்தால் மட்டும் அல்ல. கோபத்தால்.

அப்போது நான் பஸ் கண்டக்டர். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்னப் போர்ஷனில் குடியிருந்தோம். அடக்கத்தன்று என் மனைவி எஸ்தர் சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பெற்றவள் அழாமல் வேறு யார் அழுவது?

அப்போது தனபால் பிரதர் உள்ளே வந்தார். பல்லாவரம் பக்கம் கல் குவாரி வைத்திருந்தவர். எங்கள் சபையின் புதுக் கட்டடம் அவருடைய பணத்தில்தான் எழும்பிக்கொண்டிருந்தது. அதுவரை பக்கத்துக் கொட்டகையில்தான் ஆராதனை; நாங்கள் பாயில் உட்காருவோம். அவருக்கு மட்டும் முன்னால் கைப்பிடி வைத்த நாற்காலி. அவர் வந்து அமரும்வரை பாஸ்டர் முதல் பாட்டைத் தொடங்க மாட்டார்.

"நிறுத்துங்க சிஸ்டர்," என்றார். "அவிசுவாசிங்க மாதிரி என்ன இது ஒப்பாரி? அக்கம்பக்கத்து ஜனங்க பாக்குறாங்க. நம்ம சாட்சி கெட்டுப்போகுது. ஸ்தோத்திரம் சொல்லுங்க."

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். "பிரதர், எம்பொண்ணு பிரதர்."

"தெரியுதும்மா. வீட்ல ஏதோ மறைவான பாவம் இல்லாம இப்படி நடக்காது. ரெண்டு பேரும் உக்காந்து ஆராய்ஞ்சு பாருங்க. ஆண்டவர் எனக்கு இவ்வளவு குடுத்திருக்காருன்னா, அவர் முன்னால நான் எப்படி நடந்திருப்பேன், யோசிங்க."

என் பிள்ளையின் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு இதைச் சொன்னார். பாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தனபாலின் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தேன். என் மச்சான் இடுப்பைக் கட்டி என்னை வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்தபோது எஸ்தர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை. பேச்சும் குறைந்து நின்றது. காலையில் எழுந்து கிரேஸின் டிபன் டப்பாவில் சோறு கட்டி வைப்பாள். மாலையில் அதைத் திறந்து பார்த்து மூடுவாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள், கீரை விற்கும் அம்மா ஒருவர் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்.

"ரயிலு வர்ற நேரத்துல தண்டவாளத்தாண்ட நின்னுகினு கீதுப்பா. கூப்ட்டா திரும்பவே இல்ல. வுட்டுட்டு எங்கயும் போவாத," என்றார்.

மறுநாள் மச்சானை அவளுக்குக் காவல் வைத்துவிட்டு நேராகச் சபைக் கட்டடத்துக்குப் போனேன். கூரை இல்லாத சுவர்கள். வாசலில் தனபால் பெயர் வெட்டிய கல். உள்ளே மணல் குவியல்மேல் நின்று கத்தினேன். அதை ஜெபம் என்று சொல்வதா, சண்டை என்று சொல்வதா, தெரியவில்லை. "என் மகளைத் திரும்பக் கேட்கலை. பதில்கூட கேட்கலை. என் பொண்டாட்டியை அழ வையும்! அந்த ஆள் பிடுங்கிக்கிட்டுப் போன அழுகையைத் திருப்பிக் குடும்!" தொண்டை கட்டிப்போகும்வரை கத்தினேன்.

அன்று பிற்பகலே எங்கள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் ரூபி அக்கா. தனபாலின் மனைவி. காரில் வந்தால் டிரைவர் சொல்லிவிடுவான் என்று ஆட்டோ பிடித்து வந்திருந்தார். நான் ஜெபித்தது அவருக்கு எப்படித் தெரியும்?

"காலைலேர்ந்து மனசு கேக்கல தம்பி," என்று சொல்லிக்கொண்டே எஸ்தர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பட்டுப் புடவை அழுக்காவதைப் பார்க்கவில்லை.

"எனக்கும் ஒரு பையன் இருந்தான் எஸ்தர். டேனியல். நாங்க இந்தச் சபைக்கு வர்றதுக்கு முன்னால. எங்க குவாரித் தண்ணியிலதான் மூழ்கிப் போனான். அழுதா ஊர் என்ன பேசும்னு சொல்லி, எங்க வீட்டுக்காரரு மூணாம் நாளே வீட்ல பிரியாணி போட்டு ஸ்தோத்திரக் கூட்டம் வெச்சாரு. அன்னிக்கு நான் இலை போட்டேன். இன்னிவரைக்கும் எம்புள்ளைக்கு நான் அழல."

ரூபி அக்கா எஸ்தரின் மடியில் முகத்தைப் புதைத்து, "டேனி, டேனி" என்று அழுதார். எஸ்தரின் கை மெல்ல எழுந்து அவர் முதுகில் படிந்தது. உதடு துடித்தது. பிறகு, "கிரேசு..." என்று ஓர் அலறல். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று கதவை விரியத் திறந்து வைத்தேன். அன்று மாலை என் மனைவி ரசம் சாதம் சாப்பிட்டாள்.

புது வருடத்தில் ஒரு ஞாயிறு, சாட்சி நேரத்தில் தனபால் எழுந்தார். தான் கொடுத்த ஆலோசனையால் எஸ்தர் சிஸ்டர் தேறிவிட்டார் என்று சொல்லி ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்! நான் பாயிலிருந்து எழுந்தேன்.

"கல்லறைக்கு முன்னால இயேசுவே அழுதாரே பிரதர், அவருக்கு விசுவாசம் பத்தலையா? பிள்ளைங்களைப் பறிகொடுத்த யோபுகிட்ட, நீ பாவம் பண்ணியிருப்பேன்னு சிநேகிதங்க வந்து சொன்னாங்க. கடைசில ஆண்டவர் கோபப்பட்டது யார்மேல? யோபு மேலயா?"

"உக்காருப்பா," என்றார் பாஸ்டர்.

"நீங்க உக்காருங்க பாஸ்டர். பெட்டி முன்னால பேச வேண்டிய அன்னிக்கு நீங்க பேசல."

தனபால், "அந்தப் புதுக் கட்டடம் யாரால நிக்குது, தெரியுமா?" என்று சத்தம் போட்டார். அப்போது பெண்கள் பக்கத்தில் ரூபி அக்கா எழுந்தார். "என் டேனி செத்துட்டான். நான் அழணும்," என்றார். எல்லோர் முன்னாலும் அழுதார். தனபால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். ரூபி அக்கா பின்னால் போகவில்லை. எஸ்தர் அவரைத் தன் பாயில் உட்கார வைத்தாள்.

தனபால் திரும்ப வரவில்லை. பணமும் நின்றது. ரொம்பக் காலம் அந்தச் சுவர்களுக்குக் கீற்றுக் கூரைதான். மழையில் ஒழுகும். ஆனால் முன் வரிசையில் யாருக்கும் நாற்காலி கிடையாது. பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் மன்னித்தாள். நான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

இன்று தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் எந்த விசுவாசி வீட்டில் துக்கம் நடந்தாலும் நாங்கள் போகிறோம். பிரசங்கம் செய்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறோம். எங்களுக்குக் கண்ணீரைத் திருப்பித் தந்த தேவனுக்கு இதுதான் எங்கள் நன்றி.

உங்கள் வீட்டிலும் சாவு விழுந்திருக்கலாம். யாராவது பெரிய மனிதர் வந்து வாயை மூடு என்று சொல்லியிருக்கலாம். மூடாதீர்கள். ஆண்டவரிடமே போய்க் கத்துங்கள். நான் மணல்மேல் நின்று கத்தினேன், அவர் கேட்டார். உங்கள் அழுகையும் அவருக்குக் கேட்கும்.